கிணத்தடியில இருந்து கீறின வீடு

தொல்லியல் எண்ட சொல்லைக் கேட்டவுடனே எங்கட தலைமுறைக்கு நினைவுக்கு வாறது பெரும்பாலும் ஒரு பலகைதான். மூன்று மொழியில் எழுதின அறிவித்தல் பலகை, பின்னால ஒரு கம்பி வேலி, வேலிக்குள்ள சில கற்கள். பலகை நட்ட அடுத்த நாளே போனில சண்டை தொடங்கும். இது யாருடைய இடம்? யார் முதல் வந்தது? குருந்தூர்மலையின் பெயரைக் கேள்விப்படாத தமிழ்ப் பிள்ளை இண்டைக்கு வடக்கில் இருக்கிறது கஷ்டம். 2020 யூனில் கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமைகளுக்கெண்டு ஒரு ஜனாதிபதி செயலணி அமைக்கப்பட்டது. பாதுகாப்புச் செயலாளர் தலைமை தாங்கிய அந்தக் குழுவில் ஆரம்பத்தில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. மண்வெட்டியைக் கண்டால் எங்கட சனம் பயப்படுகிறதுக்குக் காரணம் இருக்கு.

ஆனால் எங்கட பக்கமும் அதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறம். ஆனைக்கோட்டையில் 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் செய்த அகழ்வில் கிடைத்த பிராமி எழுத்து முத்திரையைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறம். பேசத்தான் வேணும். ஆனால் அது ஒரு ஈமக்குழியில், ஒரு மனிதரின் எலும்புக்கூட்டோடு கிடைத்த பொருள் எண்டது அந்தப் பேச்சில் வாறதில்லை. அந்த மனிதர் எப்பிடிச் செத்தார், யார் அவரைப் புதைத்தது எண்டு ஒருத்தரும் கேட்கிறதில்லை. எத்தனை வருசம் பழசு எண்ட எண்ணிக்கை மட்டும்தான் மிஞ்சும்.

தொல்லியலிட்ட வேற மாதிரியும் கேள்வி கேட்கலாம் எண்டு எனக்குக் காட்டினது ஒரு தொல்லியலாளர் இல்லை. ஒரு ஓவியர். அவர் தா. சனாதனன்.

சனாதனன் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு படிப்பிக்கிறவர். டில்லியில் ஓவியம் படிச்சவர். அவருடைய வேலைகளில் திரும்பத் திரும்ப வாறது நிலம், உடம்பு, வரைபடம், வீடு. 2004இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 'அகம் புறம்' எண்ட கண்காட்சி நடந்தது. 1981இல் எரிக்கப்பட்டு, பிறகு திருத்திக் கட்டப்பட்ட அதே கட்டடம். அதில் 'ஹிஸ்ரி ஒஃப் ஹிஸ்ரீஸ்', அதாவது 'வரலாறுகளின் வரலாறு' எண்ட பெயரில் ஒரு நிர்மாணக் கலைப் படைப்பு வைக்கப்பட்டது. சனாதனனும் அவரோடு சேர்ந்த கலைஞர்களும் யாழ்ப்பாணத்து வீடு வீடாகச் சேர்த்த சாதாரண பொருட்களை அங்க நூதனசாலை மாதிரிக் காட்சிக்கு வைச்சார்கள். எனக்கு அப்ப நாலு வயசு, பார்க்கக் கிடைக்கேல்ல. ஆனால் அந்த யோசனை என்னை விட்டுப் போகேல்ல. நூதனசாலையில அரசனின் வாளும் கடவுளின் சிலையும்தான் இருக்க வேணுமா? உங்கட வீட்டு அலுமாரியில, எறியவும் மனமில்லாமல் வைச்சிருக்கவும் காரணமில்லாமல் கிடக்கிற ஒரு சாமானுக்கு ஏன் அங்க இடமில்லை?

அவருடைய இன்னொரு வேலை 2011இல் 'ரேக்கிங் லீவ்ஸ்' வெளியிட்ட 'தி இன்கம்ப்ளீட் தோம்பு'. முடிவுறாத தோம்பு எண்டு தமிழில் சொல்லலாம். அதை ஒரு புத்தகம் எண்டும் சொல்லலாம், ஒரு கலைப் படைப்பு எண்டும் சொல்லலாம்.

தோம்பு எண்டால் என்ன? போர்த்துக்கேயர் கொண்டுவந்த சொல் அது. காணிப் பதிவேடு எண்டு அர்த்தம். அவர்களுக்குப் பிறகு வந்த ஒல்லாந்தர் அதை இன்னும் விரிவாக எழுதினார்கள். தலைத் தோம்பில் ஆட்கள், நிலத் தோம்பில் காணிகள். காணியின் பெயர், அளவு, சொந்தக்காரர், அதில் நிண்ட மரங்கள் வரைக்கும் பதிவு. இவ்வளவு அக்கறை எதுக்கு? வரிக்கும் ஊழியத்துக்கும்தான். நிலத்தைப் பற்றி அரசாங்கம் எழுதி வைக்கிற நேரம், அந்த நிலத்தில என்ன எடுக்கலாம் எண்டுதான் எழுதும்.

சனாதனன் அந்தச் சொல்லை எடுத்துத் திருப்பிப் போட்டார். போரால் இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்களிடம் போய், அவர்கள் விட்டுட்டு வந்த வீட்டை நினைவில் இருந்து கீறித் தரச் சொன்னார். அப்பிடிக் கிடைச்ச 80 வீட்டுப் படங்கள்தான் அந்தப் புத்தகம். சனம் தங்கட கையால கீறின கோடு. அதை அளவுக்கு மாத்தின கட்டடக்கலைப் படம். அந்த வீட்டின் கதையில் இருந்து சனாதனன் பாஸ்ரலில் கீறின ஓவியம். மூன்றும் ஒண்டுக்குப் பக்கத்தில ஒண்டாக வருது. முழுப் புத்தகமும் ஒரு கந்தோர்க் கோப்பைப் போல இருக்கும். கச்சேரி வாங்கில் காத்திருந்த ஆருக்கும் அந்தத் தோற்றம் பரிச்சயம். வித்தியாசம் என்னெண்டால், இந்தக் கோப்பில கேள்வி கேட்ட ஆள் வரி கேட்கேல்ல.

பல்கலைக்கழகத்தில படிக்கேக்க ஒரு நண்பி வீட்டில அதைப் பார்த்தன். பார்த்துக்கொண்டிருக்கேக்க எனக்கு விளங்கினது இதுதான்: அகழ்வு செய்கிறவர்கள் ஒரு குழியைத் தோண்டினால் அதைத் திரும்பத் தோண்டேலாது. மண்ணை எடுத்தாச்சு, அடுக்கு கலைஞ்சாச்சு. அதனால எந்தப் பொருள் எவ்வளவு ஆழத்தில், எதுக்குப் பக்கத்தில் கிடந்தது எண்டு கீறி வைக்கிறதுதான் அவர்களின் பாதி வேலை. இடம் தெரியாத பொருள் ஊமை மாதிரி. இடம்பெயர்ந்த சனத்தின் வீடுகளும் அப்பிடித்தான். கல்லும் ஓடும் எங்கயோ போயிட்டுது. எது எங்க இருந்தது எண்ட அறிவு மட்டும் கொஞ்சப் பேரின் தலைக்குள்ள இருக்கு. அவர்களுக்கு வயசு போகுது.

எங்கட வீட்டில அந்த ஆள் அம்மம்மா.

அம்மம்மாவின் வீடு வலிகாமம் வடக்கில, கடலுக்குக் கிட்ட. அது அவவின் சீதன வீடு. ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் தொகுத்த தேசவழமைப்படி சீதனம் பெண்ணின் சொத்து. உறுதியில அவவின் பேர்தான். 1990 ஆனியில் எல்லாரும் வெளிக்கிட்டார்கள். இரண்டு நாளில் திரும்பலாம் எண்டு நினைச்சு அடுப்பில இருந்த சட்டியைக்கூட எடுக்கேல்ல. அதுக்குப் பிறகு அந்தப் பக்கம் உயர் பாதுகாப்பு வலயம். நான் பிறந்தது 2000இல், வாடகை வீட்டில. எங்கட வீடு எண்டால் எனக்கு அது ஒரு கதை, ஒரு படமும் இல்லை. அல்பத்தையும் விட்டுட்டுத்தான் வந்தவை.

27 வருசத்துக்குப் பிறகு, 2017இல் எங்கட பக்கத்துக் காணிகளில ஒரு பகுதியை விட்டார்கள். போனம். வீடு இல்லை. வீடு உடைஞ்சு கிடந்தாலும் பரவாயில்லை. இது உடைஞ்ச வீடும் இல்லை. அத்திவாரத்தின்ர அடையாளம்கூடத் தெரியாத பற்றைக்காடு. ஒழுங்கை வளைஞ்சு போன இடத்தில் நேர் றோட்டு. பனைகள் இல்லை. எப்ப, யாரால் எல்லாம் தரையாச்சு எண்டு சொல்ல ஒருத்தரும் இல்லை. சனம் கத்தியோடையும் தடியோடையும் கிணறு தேடிக்கொண்டு திரிஞ்சுது. கிணறு அகப்பட்டால் காணி அகப்படும். ஒருத்தர் கிணத்தைக் கண்டுபிடிச்சால் அதில இருந்து எண்ணிப் பக்கத்துக் காணிக்காரர் தங்கட எல்லையைப் பிடிப்பினம். அந்த ஊரில அண்டைக்கு எல்லாரும் தொல்லியலாளர்தான்.

நிலம் மாறுறது எண்டது எனக்கு அதுக்கு முதல் காலநிலை பற்றிப் பள்ளிக்கூடத்தில் படிச்ச விசயம். அண்டைக்குத்தான் கண்ணால பார்த்தன். அம்மம்மா காரால இறங்கி நிண்டு, நாலு பக்கமும் பார்த்து, "இது எங்கட ஊர் இல்லைப் பிள்ளை" எண்டா. தான் பிறந்த ஊரில நிண்டுகொண்டு.

தோம்புப் புத்தகத்தைப் பார்த்த பிறகு நான் ஒரு கட்டு ஏ4 பேப்பரும் பென்சிலும் கொண்டுபோய் அம்மம்மாவுக்கு முன்னால வைச்சன்.

"எனக்கென்ன கீறத் தெரியுமே?"

"தெரிஞ்ச மாதிரிக் கீறுங்கோ அம்மம்மா. வாசல் எங்க இருந்தது?"

அவ வாசலைக் கீறேல்ல. பேப்பரின் நடுவில ஒரு வட்டம் போட்டா. அது கிணறு. பிறகு துலா. உடுப்புத் தோய்க்கிற கல்லு. தண்ணி ஓடுற வாய்க்கால், அதின்ர முடிவில வாழை. பிறகு குசினி. குசினி பேப்பரின் கால்வாசி. அடுப்பு எந்தப் பக்கம் பார்த்தது, உரல் எங்க, உறி எங்க எண்டு எல்லாம் இருக்கு. வீட்டின் மிச்சம் ஒரு ஓரத்தில நெருக்கியடிச்சுக்கொண்டு இருந்தது. விறாந்தையைக் கீற மறந்து, பிறகு பக்கத்தில ஒட்டினா. அளவுகாரர் பார்த்தால் சிரிப்பார். ஆனால் ஒரு மனுசியின் ஒரு நாள் எங்க கழிஞ்சது எண்டு அளவெடுத்தால் இதுதான் சரியான அளவு.

மாமா வேற மாதிரி. மாமாவுக்கு 1990இல் 19 வயசு. அவர் அடிமட்டம் கேட்டார். முதலில நாலு எல்லைக் கோடு. 8 பரப்பு. வடக்கால ஆர், கிழக்கால ஆர் எண்டு உறுதியில இருக்கிற மாதிரியே எழுதினார். பிறகுதான் வீடு. அம்மாவுக்கு அப்ப 11 வயசு. அம்மாவின் படத்தில பெரிசாக இருந்தது மாமரமும் பங்கரும், வேலியில இருந்த ஒரு பொட்டும். பொட்டுக்குள்ளால போனால் சிநேகிதி வீடு. அம்மாவின் ஊருக்கு அதுதான் பிரதான வீதி.

மூன்று படமும் ஒத்துவரேல்ல. முக்கியமாகப் பங்கர். அம்மா அதை மாமரத்துக்குக் கீழ போட்டிருந்தா. அம்மம்மா கிணத்தடிக்கு அங்கால போட்டிருந்தா. மாமா அம்மாவின் பக்கம். "அம்மாக்கு வயசு போட்டுது" எண்டார். அம்மம்மாவுக்குக் கோவம் வந்துட்டுது. "விசர்க் கதை கதையாத. பங்கர் இருந்த இடத்திலதானே நான் தோடை வைச்சனான்!"

அப்பதான் விளங்கினது: பங்கர் இரண்டு. 1987இல் செல்லடிக்குப் பயந்து வெட்டினது ஒண்டு. மழைக்கு இடிஞ்சு, அதை மூடி, மேல அம்மம்மா தோடை நட்டவ. 1990இல் மாமரத்தடியில புதிசா வெட்டினது மற்றது. முதல் பங்கரை மாமா முழுசாக மறந்துபோனார். அம்மாவுக்கு அப்ப எட்டு வயசு. ஒரு பேப்பரை மட்டும் வாங்கியிருந்தால், ஒரு பங்கரோட இந்தக் கதை முடிஞ்சிருக்கும். இரண்டு நினைவு முட்டுப்பட்டதால ஒரு அடுக்கு மண் வெளியில வந்தது. அகழ்வுக் குழியின் சுவரில நிறம் மாறுற இடத்தைப் பார்த்து, இங்க ஒருக்கா தோண்டி மூடியிருக்கினம் எண்டு சொல்லுவினமே, அப்பிடி.

இன்னொண்டும் வந்தது. அதைப் பற்றி எழுதுறதா விடுறதா எண்டு கனநாள் யோசிச்சன்.

அம்மம்மாவின் படத்தில பின்வளவு மூலையில ஒரு சின்னச் சதுரம் இருந்தது. பேர் எழுதேல்ல. மாமாவின் படத்தில அந்த இடம் வெறுமை. என்ன எண்டு கேட்டன். அது ஒரு கொட்டில். அதில ஒரு குடும்பம் இருந்தது. எங்கட காணியில குடியிருந்து, எங்கட வீட்டு வேலையும் தோட்ட வேலையும் செய்த சனம். வேற சாதி எண்டு அம்மம்மா சொல்லேல்ல, ஆனால் சொன்ன விதத்தில தெரிஞ்சது. மாமாவிட்ட ஏன் கீறேல்ல எண்டு கேட்டன். "அது உறுதியில இல்லைத்தானே" எண்டார். கோவமோ வெட்கமோ இல்லாமல், சும்மா ஒரு தகவல் மாதிரி.

பிறகு நான் அம்மம்மாவிட்டக் கேட்டன், அவை இந்தக் கிணத்திலயா தண்ணி அள்ளினவை?

அம்மம்மா கொஞ்ச நேரம் பேசேல்ல. "நாங்கள்தான் அள்ளி ஊத்துறது" எண்டா.

அந்த வட்டத்தைப் பிறகு நான் பழைய மாதிரிப் பார்க்கேல்ல. படத்தின் நடுவில இருந்தது அதுதான். எங்கட குடும்பத்தின் ஏக்கமெல்லாம் அதைச் சுற்றித்தான். காணி விட்ட நேரம் ஊரே தேடினதும் கிணத்தைத்தான். அதே கிணத்தடியில ஒரு பிள்ளை வாளியோட எட்டி நிண்டு, ஆராவது வந்து ஊத்தட்டும் எண்டு காத்துக்கொண்டு நிண்டிருக்கு. தோம்பு காணி உள்ளவரின் பேரைத்தான் எழுதும். ஒல்லாந்தரின் தோம்பும் அப்பிடி, மாமாவின் படமும் அப்பிடி. இடப்பெயர்வில் எங்களோட சேர்ந்து அவர்களும் எல்லாத்தையும் இழந்தார்கள். காணி விடுபட்டபோது எங்களுக்கு ஒரு பற்றைக்காடாவது கிடைச்சது. அவர்களுக்கு விடுபட ஒரு காணியும் இருக்கேல்ல.

சனாதனன் தன்னுடைய தோம்புக்கு ஏன் 'முடிவுறாத' எண்டு பேர் வைச்சார் எண்டு அவரிட்ட நான் கேட்டதில்லை. என்னுடைய வாசிப்பு இதுதான்: எந்தப் பதிவேட்டிலயும் ஒரு மூலை வெறுமையாக இருக்கும். முடிஞ்சது எண்டு சொல்லி மூடினால் அந்த மூலையைப் பற்றி ஒருத்தரும் பிறகு கேட்கமாட்டினம். நிலத்தின் மீது எங்களுக்குள்ள உரிமையைக் காட்டத் தோண்டுறம் எண்டால், எங்களுக்கு வேண்டியது கிடைச்ச ஆழத்தில நிப்பாட்டிப்போடுவம். வாழ்ந்த ஆட்களைத் தேடித் தோண்டுறம் எண்டால் அங்க நிப்பாட்டேலாது. அதுக்குக் கீழயும் ஒரு அடுக்கு இருக்கும். அதில எங்களுக்குப் பிடிக்காத முகமும் இருக்கும், சில நேரம் அது எங்கட முகமாக இருக்கும்.

இதைப் போன வருசம் முழுவதும் யோசிச்சுக்கொண்டிருந்ததுக்கு இன்னொரு காரணம் செம்மணி. 2025இல் சித்துப்பாத்தி மயானத்தில் தகனமேடைக்கு மண் வெட்டேக்க எலும்புகள் வெளிப்பட்டன. நீதிமன்ற மேற்பார்வையில், தொல்லியலாளர் ராஜ் சோமதேவவின் பொறுப்பில் அகழ்வு நடந்து, 200க்கும் மேற்பட்ட மனித எலும்புக்கூடுகள் அடையாளம் காணப்பட்டன. ஒரு பிள்ளையின் பள்ளிக்கூடப் பை வந்தது. விளையாட்டுப் பொருள் வந்தது. ஆவணி 5ஆம் திகதி அந்தப் பொருட்களைப் பொதுமக்கள் பார்வைக்கு வைச்சார்கள். ஆராவது அடையாளம் காட்டுவார்களா எண்டு. தொல்லியல் எண்டால் இரண்டாயிரம் வருசம் எண்டு நினைச்ச எங்களுக்கு முன்னால, எங்கட அம்மாக்களின் வயசில உள்ள மண் அடுக்கு திறந்து கிடந்தது. தூரிகையும் அளவுநாடாவும் பொருளை வெளியில எடுக்கும். அந்தப் பை ஆருடையது எண்டு சொல்ல உயிரோட இருக்கிற ஒருத்தரின் நினைவு வேணும். அந்த ஆள் வரிசையில வந்து நிண்டு, குனிஞ்சு பார்த்துச் சொல்ல வேணும்.

அதாலதான் ஒரு ஓவியர் சனத்தின் கையில பென்சிலைக் குடுத்ததை நான் சின்ன விசயமாக எடுக்கேல்ல. ஆய்வாளரும் அளவுகாரரும் கீறின படங்களுக்கு எங்கட நிலத்தில குறைவில்லை. வாழ்ந்த ஆள் கீறின படங்கள்தான் குறைவு.

அம்மா அந்தக் கொட்டிலில இருந்த குடும்பத்தின் மகளை விசாரிச்சுக் கண்டுபிடிச்சா. பொட்டுக்குள்ளால போகிற சிநேகிதி வேற. இவ அதே வளவுக்குள்ள, அதே வயசில இருந்தவ. முகாமில கனகாலம் இருந்து, இப்ப வேற ஊரில இருக்கிறா. போன தை மாதம் நாங்கள் இரண்டு பேரும் போனம். தேத்தண்ணி தந்தா. முதலில அவவுக்கு நாங்கள் ஏன் வந்தம் எண்டு விளங்கேல்ல. விளங்கின பிறகு, "அதைக் கீறி இப்ப என்னத்துக்கு?" எண்டு கேட்டா. எங்களிட்ட நல்ல பதில் இருக்கேல்ல. கொஞ்சம் கழிச்சு அவவே பேப்பரை இழுத்தெடுத்தா.

அவவின் படத்தில கொட்டில் பேப்பரை நிறைச்சு இருக்கு. இரண்டு அறை. இரண்டு அறை இருந்தது எண்டு எங்கட வீட்டில ஒருத்தருக்கும் தெரியாது. வாசலில நந்தியாவட்டை. அப்பா படுக்கிற இடம், ஆடு கட்டுற இடம், அவ இருந்து படிச்ச பெட்டி. எங்கட வீடு மேல் மூலையில சின்னப் பெட்டி, கதவு இல்லை, யன்னல் இல்லை. கிணறும் இருக்கு. கிணத்தடியில ஒரு கல்லு போட்டிருந்தா. இது தோய்க்கிற கல்லா எண்டு அம்மா கேட்டா. "இல்லை, நாங்கள் நிக்கிற கல்லு" எண்டா. அம்மாவுக்கு அந்தக் கல்லு நினைவில்லை. அண்டைக்கு வீட்டுக்கு வாற வழியில அம்மா ஒண்டும் கதைக்கேல்ல.

இப்ப நாலு படமும் ஒரே பைலில இருக்கு. எங்கட அளவுகாரருக்கு அது பிரயோசனமில்லை, கச்சேரிக்கும் பிரயோசனமில்லை. காணியில திரும்ப வீடு கட்டுறது பற்றி மாமா கதைச்சுக்கொண்டிருக்கிறார். கட்டினால் அந்தப் பின்வளவு மூலையை என்ன செய்யிறது எண்டு அம்மா கேட்டிருக்கிறா. அந்தக் கதை இன்னும் முடியேல்ல. வீட்டில அடிக்கடி சண்டையும் வருது.

உங்கட வீட்டிலயும் இப்பிடி ஒரு அம்மம்மாவோ அப்பப்பாவோ இருந்தால், இந்தச் சனிக்கிழமை ஒரு பேப்பரும் பென்சிலும் குடுத்துப் பாருங்கோ. 1990இல் வடக்கில் இருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் சிநேகிதர்களின் வீட்டிலயும், வன்னியில் பத்துத் தரம் இடம்பெயர்ந்தவர்களின் வீட்டிலயும் கேட்கலாம். எங்க இருந்து தொடங்கினம் எண்டு கவனியுங்கோ. கோடு கோணலாகப் போனால் திருத்தாதேங்கோ. ஒருத்தரோட நிப்பாட்டாமல் இரண்டு மூன்று பேரிட்ட வாங்குங்கோ. திகதியும் கீறின ஆளின் பேரும் பின்பக்கத்தில எழுதி வையுங்கோ. கடைசியில, "இந்த வளவுக்குள்ள இன்னும் ஆர் இருந்தது?" எண்டு ஒருக்காக் கேளுங்கோ. அவை பேசாமல் இருந்தால் அவசரப்படாதேங்கோ, கொஞ்ச நேரம் பக்கத்தில இருங்கோ.